48 மணித்தியாலங்களுக்குப் பின்னர்: சிறு கணினி விளையாட்டின் திருத்திய பிரதி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1. பிரச்சினையின் தோற்றம்

ஒரு கலைப்படைப்பு எப்பொழுது முடிவடைகின்றது என்னும் வினா அழகியலுக்குப் புதியதன்று. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களும், மேடையேற்றந்தோறும் உரையாடலை மாற்றிய நாடகாசிரியர்களும், கவியரங்கில் படித்த கவிதையை நூலாக்கும்போது திருத்திய கவிஞர்களும் இவ்வினாவைத் தத்தம் வழியில் எதிர்கொண்டே வந்துள்ளனர். இன்று அது கணினி விளையாட்டு என்னும் துறையிலும் எழுந்துள்ளது. நமது பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வாளர் இத்துறையைப் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கிவிடுவதே பெருவழக்கு. நாவலும் சினிமாவும் இவ்வாறே ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டன என்பதை நினைவுகூரின், இவ்வொதுக்கல் நெடுநாள் நிலைக்காது என்பது புலனாகும்.

'கேம் ஜாம்' என வழங்கும் நிகழ்வு பற்றி வாசகர் சிலருக்கு விளக்கம் தேவைப்படலாம். ஜாஸ் இசைஞர் ஒருங்குகூடி முன்னேற்பாடின்றி இசைப்பதைக் குறிக்குஞ் சொல்லே 'ஜாம்'. அதனை அடியொற்றி, கொடுக்கப்பட்ட ஒரு தலைப்பின்கீழ், குறித்த கால எல்லைக்குள் ஒரு சிறு கணினி விளையாட்டை ஆக்கிச் சமர்ப்பிக்கும் நிகழ்வு இப்பெயர் பெற்றது. 2002ஆம் ஆண்டு தொடங்கிய லூடம் டேர் இவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. அதில் தனியொருவராகப் பங்குபற்றுவோருக்கு 48 மணித்தியாலங்களும், குழுவாகப் பங்குபற்றுவோருக்கு 72 மணித்தியாலங்களும் வழங்கப்பட்டு வந்தன. 2009ஆம் ஆண்டு சனவரியில் முதன்முறையாக நடைபெற்ற குளோபல் கேம் ஜாம் 23 நாடுகளில் 53 இடங்களில் ஒரே வார இறுதியில் நிகழ்ந்தது. இன்று இவ்வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது.

கால எல்லை முடிந்தபின் நிகழ்வதே நமது ஆய்வுப் பொருள். லூடம் டேரில், பங்குபற்றியோர் ஒருவர் மற்றவரது ஆக்கத்தை விளையாடிப் புள்ளியிடும் சில வாரங்கள் தொடரும். அக்காலத்தில், விளையாட்டை இயங்கவொட்டாது தடுக்கும் வழுக்களைக் களையலாம். புதிய அம்சங்களைச் சேர்த்தலாகாது. சேர்க்க விரும்புவோர் அதனைப் போட்டிப் பிரதியினின்றும் பிரித்து, 'போட்டிக்குப் பிந்திய பிரதி' எனப் பெயரிட்டு வைப்பர். இவ்வாறு ஒரே விளையாட்டு இரு பிரதிகளாக நிலைபெறுகின்றது. முதற்பிரதிக்குப் புள்ளியும் பாராட்டும் கிடைக்கின்றன. இரண்டாம் பிரதிக்கு அவையிரண்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பிந்திய பிரதியை ஒரு தொழினுட்பத் துப்புரவுப் பணியாக மட்டுங் கருதும் போக்கு விளையாட்டாக்குவோரிடையே காணப்படுகின்றது. இக்கட்டுரை அதனை மறுக்கின்றது. கால எல்லை எதனை விலக்கிற்றோ, அதனை மீளக் கொணரும் உழைப்பே பிந்திய பிரதியில் உறைந்துள்ளது. விலக்கப்பட்டது யாது, மீண்டது யாது, அவ்வுழைப்புக்குரிய பயன் யாரைச் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பும்போதே அது விமர்சனத்துக்குரிய பொருளாகின்றது.

2. காலமும் வடிவமும்

கால எல்லை ஒரு கலையின் புறத்தே நிற்கும் வேலியன்று. அது வடிவத்தின் உள்ளே புகுந்து தொழிற்படுவது. ஈழத்துத் தமிழ் அரங்கு இதற்கு நல்லதோர் உதாரணந் தருகின்றது. விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தினைப் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது, சில மணித்தியாலங்களுள் அதனை அடக்க வேண்டியிருந்தது. 1962இல் மேடையேறிய 'கர்ணன் போர்' தொடக்கம் இம்முயற்சிகள் தொடர்ந்தன. சுருக்கம் நிகழ்ந்ததும் ஆட்டமும் பாட்டும் உரையாடலும் தம்முள் கொண்டிருந்த விகிதம் மாறிற்று. பாத்திரத்தின் அகமுரண்பாடு முன்னிலை பெற்றது. 1960களின் நடுப்பகுதியில் தோன்றிய 'இராவணேசன்', அதன் ஆக்கத்தில் முதன்மைப் பங்கேற்ற சி. மௌனகுருவினாலேயே பல தசாப்தங்களின் பின்னர் மட்டக்களப்பில் மீளாக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்நாடு ஒரு நீண்ட போரினுட் புகுந்திருந்தது. போரைப் பற்றிய ஒரு நாடகம் அதன்பின்னர் பழைய பொருளிலேயே நிற்றல் இயலாது. மீளாக்கத்துக்கான தேவை பிரதிக்கு வெளியே, சமூகத்திலிருந்து எழுந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மற்றுமோர் ஒப்புமையும் பயனுடையது. 1968இல் வெளிவந்த தமது வீரயுகப் பாடல் ஆய்வில் பேராசிரியர் க. கைலாசபதி, வாய்மொழிப் பாடகன் பாடும் பொழுதே பாடலை ஆக்குபவன் என்பதனையும், அதற்குத் துணையாக வாய்பாடுகளையும் பழகிய பொருட்கூறுகளையும் கைக்கொள்பவன் என்பதனையும் சங்கச் செய்யுள்கள் கொண்டு விளக்கினார். கால நெருக்கடியுள் ஆக்கும் கலைஞனுக்கு வாய்பாடு கைகொடுக்கின்றது. கேம் ஜாமிலும் இதனையே காண்கின்றோம். தாவிச் செல்லும் பாத்திரம், எதிரியைச் சுடுதல், கட்டங்களைத் தள்ளுதல் முதலான பழகிய அமைப்புக்கள், முன்னரே எழுதிவைத்த நிரற் பகுதிகள், இலவசமாகக் கிடைக்கும் ஒலிகள் ஆகியன இன்றைய வாய்பாடுகள். ஆனால் பாணனுடைய வாய்பாடு அவனது மொழியிலும் அவனது குழுவின் நினைவிலும் ஊறியிருந்தது. கொழும்பு மாணவனது வாய்பாடு வேறொரு நாட்டில், வேறொரு மொழிக்கென ஆக்கப்பட்டு அவனை வந்தடைகின்றது. இவ்வேறுபாட்டின் விளைவுகளைப் பின்னர் நோக்குவோம்.

3. திருத்தத்தின் மூவகை

போட்டிக்குப் பின்னர் நிகழும் இற்றைப்படுத்தல்களை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். முதலாவது செப்பம்: வழு களைதல், கட்டுப்பாட்டு விசைகளை இலகுவாக்கல், ஒலியளவைச் சீராக்கல் முதலாயின. இரண்டாவது விரிவு: அதே அடிப்படையின்மீது கட்டங்களையும் கதையையும் பெருக்குதல். மூன்றாவது மறுநோக்கு: விளையாட்டு உலகைப் பற்றிக் கூறுவதையே மாற்றுதல்.

விரிவுக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் 'பாபா இஸ் யூ'. பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி 2017ஆம் ஆண்டின் நோர்டிக் கேம் ஜாமில் இதனை ஆக்கி முதலிடம் பெற்றார். முழுமையான வெளியீடு 2019 மார்ச்சில் வந்தது. சொற்கள் கட்டைகளாகத் திரையிற் கிடக்கின்றன. அவற்றைத் தள்ளி வாக்கியமாக்கினால் அவ்வாக்கியமே அவ்வுலகின் சட்டமாகின்றது. சுவர் தடுக்கும் என்ற வாக்கியத்தைக் குலைத்தால் சுவர் தடுப்பதில்லை. சட்டம் மனிதரால் ஆக்கப்பட்டது, ஆதலின் மாற்றப்படக் கூடியது என்னும் எண்ணத்தை விளையாடுபவரின் கைவழியே உணர்த்தும் இவ்வடிவம் வார இறுதி ஒன்றிலேயே கருக்கொண்டுவிட்டது. அதன் சாத்தியங்களைத் தேடிக் காண இரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

'செலெஸ்ட்' வேறொரு வகையில் நோக்கத்தக்கது. மாடி தோர்சனும் நோயல் பெரியும் 2015இல் நான்கு நாட்களில் ஆக்கிய சிறு விளையாட்டு 2018 சனவரியிற் பெரும்படைப்பாக வெளிவந்தது. மலையேறுதல் என்ற வெறும் உடற்செயல், தன்னோடு தான் போராடும் ஒரு பெண்ணின் கதையாக மாறிற்று. ஆதலின் இங்கு விரிவு மறுநோக்காகவும் ஆகின்றது. பழைய நான்கு நாட் பிரதியும் புதிய படைப்பினுள்ளேயே ஓரிடத்தில் விளையாடக் கூடியதாக வைக்கப்பட்டுள்ளது. ஒருவர் இரு பிரதிகளையும் ஒப்புநோக்கி, இடைப்பட்ட உழைப்பு எதனைச் செய்தது என்பதைத் தாமே அறிந்துகொள்ளலாம்.

மறுநோக்கின் முழுப் பரிமாணத்தை உணர விளையாட்டுத் துறைக்கு வெளியே செல்லுதல் தகும். பேர்டோல்ட் பிரெக்ட் தமது கலிலியோ நாடகத்தை 1938இல் டென்மார்க்கில் அகதியாக இருந்தபோது எழுதினார். அப்பிரதியில், அதிகாரத்துக்குப் பணிந்ததுபோற் காட்டி உண்மையை மறைவாகக் காத்த கலிலியோவிடம் ஒருவகைச் சாதுரியம் தென்பட்டது. 1945 ஓகத்தில் ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசப்பட்டது. அப்போது நடிகர் சார்ள்ஸ் லோற்றனுடன் அமெரிக்கப் பிரதியை ஆக்கிக்கொண்டிருந்த பிரெக்ட், கலிலியோவின் பணிவை விஞ்ஞானம் மக்களுக்குச் செய்த துரோகமாகக் காணத் தலைப்பட்டார். 1947இல் மேடையேறிய அப்பிரதியும், 1950களின் நடுவில் பேர்லினில் உருவாகிய மூன்றாம் பிரதியும் இப்பார்வையைக் கூர்மையாக்கின. வரலாறு மாறியதால் படைப்பு மாறிற்று. இற்றைப்படுத்தல் என்னும் சொல்லின் ஆழ்ந்த பொருள் இதுவே எனலாம்: படைப்பை இன்றைக்கு உரியதாக்கல்.

இங்கு இருவகைத் தவறான நோக்குகளைச் சுட்டுதல் வேண்டும். ஒன்று, முதற்பிரதியே தூயது, பிந்திய திருத்தம் அதன் தன்னிச்சையான வேகத்தைக் கெடுக்கின்றது என்பது. கலையைக் கணநேர அருட்பெருக்காகக் காணும் கற்பனாவாதத்தின் எச்சமே இது. அது உழைப்பை மறைக்கின்றது. மற்றையது, இறுதியில் விற்பனைக்கு வந்த பிரதியே படைப்பு, ஏனையவை சாரம் என்பது. பண்டத்தின் கண்கொண்டு கலையைக் காணும் இந்நோக்கு, படைப்பு கடந்துவந்த பாதையை மறைக்கின்றது. இரு பிரதிகளையும் உடன்வைத்து, இடைவெளியை வாசிப்பதே விமர்சனத்தின் வழி.

4. மணித்தியாலங்கள் சமமானவையா?

48 மணித்தியாலம் எல்லோருக்கும் 48 மணித்தியாலமே என்பது போட்டியின் அடிப்படைக் கொள்கை. முதலாளித்துவச் சந்தையில் வாங்குவோனும் விற்போனும் சமமான உரிமையாளராகத் தோன்றுமாற்றை மார்க்ஸ் எடுத்துக்காட்டியமை வாசகர் அறிந்ததே. வடிவத்திற் சமத்துவம் இருக்க, உள்ளடக்கத்தில் ஏற்றத்தாழ்வு நிலவுதல் அங்குபோல் இங்கும் உண்டு.

லூடம் டேரின் 50ஆவது நிகழ்வு 2022 ஏப்பிரல் 1 முதல் 4 வரை நடைபெற்றது. தவிர்க்கவியலாததைத் தாமதப்படுத்துதல் என்பது அதன் தலைப்பு. அதே நாட்களில் கொழும்பின் நிலை யாது? மார்ச் 31ஆந் திகதி நாடு 13 மணித்தியால மின்வெட்டை எதிர்கொண்டது. அன்றிரவு மிரிஹானையில் சனாதிபதியின் இல்லத்துக்கு அருகே மக்கள் திரண்டனர். ஏப்பிரல் 1ஆந் திகதி அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. 2ஆந் திகதி மாலை 6 மணி முதல் 4ஆந் திகதி காலை 6 மணி வரை நாடெங்கும் ஊரடங்கு. 3ஆந் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அதாவது, உலகின் ஒரு பகுதியினர் கணினி முன் அமர்ந்து 'தவிர்க்கவியலாததைத் தாமதப்படுத்தும்' விளையாட்டுக்களை ஆக்கிக்கொண்டிருந்த அதே மணித்தியாலங்களில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோருக்கு மின்சாரமும், வெளியே செல்லும் உரிமையும், தொடர்பு கொள்ளும் வழியும் உறுதியற்றிருந்தன. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நேரம் எந்தப் போட்டியின் கடிகாரத்திலும் கழிக்கப்படுவதில்லை.

இது ஒரு விதிவிலக்கான வார இறுதி எனக் கூறப்படலாம். விதிவிலக்கு, இயல்பில் மறைந்திருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது. சாதாரண நாட்களிலும் தனியறையும், வேகமிக்க கணினியும், தடையற்ற இணையமும் உடையவருக்குரிய 48 மணித்தியாலம், வார இறுதியில் வேலைக்குச் செல்பவரது அல்லது வீட்டுவேலைகள் அனைத்தும் தன்மேற் சுமத்தப்பட்ட பெண்ணினது 48 மணித்தியாலத்தோடு சமமாவதில்லை. போட்டிக்குப் பிந்திய காலம் அவர்களுக்கு இன்றியமையாததாவது இக்காரணத்தினாலேயே. விரைவாக ஆக்க இயலாதவர் ஆற அமர்ந்து ஆக்கும் காலம் அது. ஆயின், அக்காலத்துக்குப் புள்ளி வழங்க எவரும் இல்லை.

5. தமிழ் விலக்கப்படும் முறை

கால நெருக்கடி நமது சூழலில் முதலில் விலக்குவது தமிழையே. இதனை மொழிப்பற்றின்மை என்று இலகுவிற் கூறிவிடலாம். ஆனால் காரணம் பொருள்வகைப்பட்டது.

தமிழ் எழுத்து ஒருங்குறியில் ஒலிவரிசைப்படி சேமிக்கப்படுகின்றது. 'கெ' என்பதில் ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாகவே கணினி அதனை நினைவிற் கொள்கின்றது. திரையிற் காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துதல் வேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்றல் வேண்டும். இவ்வொழுங்கமைப்பை மென்பொருள் செய்தாலன்றித் தமிழ் சிதைந்தே தோன்றும். பரவலாகப் பயன்படும் யூனிட்டி எஞ்சினில் நெடுங்காலம் வழக்கிலிருந்த எழுத்துக்காட்டும் கூறு இப்பணியைச் செய்யவில்லை. கட்டற்ற மென்பொருளான கோடோவிலும், 2023 மார்ச்சில் நான்காம் பதிப்பு வெளிவரும்வரை இவ்வசதி இருக்கவில்லை. சாமுவேல் பெக்கெற்றின் நாடகத்திலிருந்து அவ்வெஞ்சினுக்குப் பெயரிட்டோர், வசதிகளைச் சேர்க்கும் வேலை என்றும் முடிவதில்லை என்பதை உணர்த்தவே அப்பெயரைத் தெரிந்தனர். தமிழைப் பொறுத்தவரை, கோடோவுக்காகக் காத்திருத்தல் என்பது சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று.

ஞாயிறு நள்ளிரவு சமர்ப்பிக்க வேண்டிய மாணவர் குழுவொன்று, கொம்பும் காலும் இடம்மாறிக் கிடக்குந் திரையைக் கண்டதும் என்ன செய்யும்? ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அவர்களை எவரும் அவ்வாறு செய்யுமாறு பணிக்கவில்லை. 1956இன் சட்டத்தால் தமிழ் அரசகரும நிலையிலிருந்து விலக்கப்பட்டபோது, விலக்கியவர் யார் என்பது தெரிந்திருந்தது. எதிர்த்துப் போராட ஓர் இலக்கு இருந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக ஏற்றது. எஞ்சினுக்குள் நிகழும் விலக்கலுக்கோ விலக்குவோன் இல்லை; 'நேரம் போதவில்லை' என்ற ஒரு வாக்கியமே உண்டு. சிங்களத்தின் நிலையும் இதுவே. அதன் கொம்புவையும் பிற குறிகளையும் இதே கூறுகள் இவ்வாறே சிதைத்தன. ஆகவே இது ஓரினத்தின் முறைப்பாடன்று. இரு மொழியினரும் ஒன்றுசேர்ந்து தீர்க்க வேண்டிய ஒரு பொதுப் பிரச்சினை.

போட்டிக்குப் பிந்திய இற்றைப்படுத்தலே தமிழ் மீளும் வாயில். அதற்குரிய வழிகளும் உள. வாசகத்தைப் படமாக வரைந்து ஒட்டுவது ஒன்று. திருத்துந்தோறும் மீள வரைய வேண்டியிருப்பது அதன் குறை. திரையில் தோன்றும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை நாடுவது மற்றொன்று. அச்சுக்கூடங்களில் நாமறிந்த அவ்வெழுத்துரு, அதிநவீன எஞ்சினொன்றில் தமிழைக் காப்பாற்றுவது வரலாற்றின் விநோதம். எழுத்தமைப்பைச் சரிவரச் செய்யும் புதிய எஞ்சின் பதிப்புக்கு முழு விளையாட்டையும் மாற்றுவது மூன்றாவது. ஒவ்வொன்றும் பல நாள் உழைப்பு.

எழுத்து தோன்றிவிட்டால் மட்டும் மொழி வந்துவிட்டதாகாது. 'பாபா இஸ் யூ' மீண்டும் இங்கு உதவுகின்றது. அவ்விளையாட்டின் அச்சாணி 'இஸ்' என்னும் இணைப்புவினை; அக்கட்டையை அகற்றினால் வாக்கியம் குலைந்து சட்டம் அழிகின்றது. தமிழிலோ பெயர்ப் பயனிலைக்கு இணைப்புவினை வேண்டியதில்லை. 'இது சுவர்' என்பது நிறைவான வாக்கியம். அகற்றுவதற்கு நடுவில் ஒரு கட்டையே இராது. ஆகவே அவ்விளையாட்டைத் தமிழாக்குவோர் சொற்களைப் பெயர்ப்பதோடு அமையாது விதியையே மீளச் சிந்திக்க வேண்டியவராவர். வேற்றுமையுருபுகளைக் கட்டைகளாக்கினால் என்ன நிகழும்? சுவரை, சுவரால், சுவருக்கு என உருபு மாறுந்தோறும் உலகம் மாறும் ஒரு விளையாட்டைத் தமிழே தரக்கூடும். தொல்காப்பியம் தொட்டு நாம் பேணிவந்த இலக்கண அறிவு, புதியதொரு கலையின் மூலப்பொருளாகலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 யூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்றைப் பற்றியது. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டின் விடுபட்ட பகுதிகளை ஊகித்து நிரப்புவதே அதில் விளையாட்டு. பிரிட்டனின் பாஃப்டா நிறுவனம் 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்குரிய விருதை அதற்கு வழங்கிற்று. கேம் ஜாமில் பிறந்ததன்று அது. சில ஆண்டுகாலப் பொறுமையான உழைப்பின் பேறு. தமிழ் வாழ்வு விளையாட்டின் பொருளாகலாம் என்பதை அது நிறுவிவிட்டது. அதற்கு வேண்டிய காலம் வார இறுதியின் அளவினது அன்று என்பதையும் அது உடன் உணர்த்துகின்றது.

மொழியோடு வர்க்கமும் பிணைந்துள்ளது. வெள்ளவத்தையின் மத்தியதர வர்க்க வீடொன்றில் ஆங்கிலமொழி மூலம் கற்ற இளைஞருக்கு ஆங்கிலத்தில் அமைந்த, கணினியில் மட்டும் இயங்கும் விளையாட்டு ஒரு தடையாகத் தோன்றாது. துறைமுகத்தையும் மொத்த வியாபாரத்தையும் சார்ந்த கொட்டாஞ்சேனையின் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு, விலை குறைந்த கைத்தொலைபேசியில் இயங்காத விளையாட்டு இல்லாத விளையாட்டே. இரண்டு இடங்களிலும் இருவகையினரும் உளர். எனினும் பொதுப்போக்கு இதுவே. கோப்பின் அளவைக் குறைத்தல், சிறு திரையில் தமிழை வாசிக்கக் கூடியதாக்கல், இணையமின்றி இயங்கச் செய்தல் ஆகிய 'சிறு' இற்றைப்படுத்தல்கள் உண்மையில் யாரை நோக்கி இப்படைப்பு பேசுகின்றது என்னும் பெருவினாவுக்கான விடைகள். செப்பம் எனப் பெயர் பெற்றது இங்கு மறுநோக்காக மாறுகின்றது.

6. யாருடைய உழைப்பு? யாருக்குப் பயன்?

பிந்திய உழைப்பை வாழ்த்துவதோடு நின்றுவிடுதல் மார்க்சிய விமர்சனத்துக்கு அழகன்று. விளையாட்டுக்கும் உழைப்புக்குமிடையே எல்லை மங்கி, ஊதியமற்ற ஆர்வம் நிறுவனங்களின் செல்வமாகும் நிலையை டிசியானா தெறனோவா 2000ஆம் ஆண்டிலும், யூலியன் கூக்லிக் 2005இலும் ஆராய்ந்தனர். கேம் ஜாமின் கூட்டு மகிழ்ச்சி உண்மையானது. அதனை வெறுஞ் சுரண்டலாகக் குறுக்குவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். பணத்துக்கன்றி ஆக்கும் மகிழ்ச்சிக்காகக் கூடும் மனிதரிடத்து அந்நியமாகாத உழைப்பின் ஒரு கீற்றைக் காண்கின்றோம். ஆயின், இரவு பகலாக உழைத்தலை ஓர் இளமைப் பண்பாகப் பழக்கி, பின்னர் அதே வேகத்தை ஊதியத் தொழிலிலும் எதிர்பார்க்கும் தொழிற்றுறையொன்று அருகிலேயே நிற்கின்றது. 2004இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியரொருவரின் துணைவி எழுதிய பகிரங்கக் கடிதம், அங்கு ஊதியமின்றி நீடித்த மேலதிக நேர வேலையை உலகறியச் செய்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இற்றைப்படுத்தல் எப்பொழுதும் படைப்பாளியின் விருப்பத்தால் நிகழ்வதுமில்லை. 2020 திசெம்பர் 31ஆந் திகதியுடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியபோது, அதில் ஆக்கப்பட்ட எண்ணற்ற சிறு விளையாட்டுக்கள் உலாவிகளில் இயங்காதொழிந்தன. தன்னார்வலரின் சேமிப்பகங்களே அவற்றுட் பலவற்றைக் காத்தன. 2022இல் அப்பிள் நிறுவனம், நெடுநாள் இற்றைப்படுத்தப்படாத செயலிகளைத் தன் அங்காடியினின்றும் அகற்றப்போவதாக ஆக்கியோருக்கு அறிவித்தது. முடிவடைந்த சிறுகதையை மூன்றாண்டுக்கொருமுறை திருத்தாவிடின் நூலகத்திலிருந்து அகற்றுவோம் என்பதற்கு ஒப்பானது இது. நிலவுடைமையாளனுக்குச் செலுத்தும் குத்தகைபோல, இருப்பதற்காகவே உழைக்க வேண்டிய நிலை இங்கு தோன்றுகின்றது. 2023 செத்தெம்பரில் யூனிட்டி நிறுவனம், தனது எஞ்சினில் ஆக்கப்பட்ட விளையாட்டுக்கள் குறித்த வருமான, நிறுவல் எல்லைகளைக் கடந்தபின் நிறுவப்படுந்தோறும் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்தது. ஆக்கியோரின் பரந்த எதிர்ப்பினால் அத்திட்டம் முதலில் தளர்த்தப்பட்டு, 2024 செத்தெம்பரில் விளையாட்டுக்களைப் பொறுத்தமட்டிற் கைவிடப்பட்டது. உற்பத்திக் கருவி பிறர் உடைமையாக இருக்கும்வரை, பிரதியின் வருங்காலமும் பிறர் கையிலேயே உள்ளது என்னும் பாடத்தையும், ஒன்றுபட்ட எதிர்ப்பு பயன்தரும் என்னும் பாடத்தையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே கற்பித்தது.

7. விமர்சனம் செய்யவேண்டுவது

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரு சிறு விளையாட்டை மதிப்பிடும்போது போட்டிப் பிரதியையும் பிந்திய பிரதியையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும். பதிப்பாசிரியர் பாடபேதங்களைக் குறிப்பதுபோல், எது எப்பொழுது மாற்றப்பட்டது, யார் மாற்றினர் என்பது பதியப்படல் வேண்டும். பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதியதை வைப்பது, ஆக்கியோர் தமது சொந்த உழைப்பின் சுவடுகளைத் தாமே அழிப்பதாகும்.

தமிழ் எழுத்துக்குரிய நிரற் பகுதிகளை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு முறையும் தனித்தனியே தேடி அல்லற்படுவது வீண். ஒருமுறை செய்யப்பட்டதை எல்லோருக்கும் திறந்துவைத்தால், அடுத்த வார இறுதியில் அது வாய்பாடாகிவிடும். பாணனுக்கு அவனது குழு தந்ததுபோல், நமது இளைஞருக்கு நமது மொழியே கைகொடுக்கும். அப்பொழுது தமிழ் பின்னர் சேர்க்கப்படும் பொருளாகவன்றி முதல் மணித்தியாலத்திலேயே இருக்கும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு இதிற் பங்குண்டு. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிற் கவிதைக்கும் நாடகத்துக்கும் இடமளித்துவந்தது. அத்தகைய மண்டபங்களிலும், கொட்டாஞ்சேனையின் சனசமூக நிலையங்களிலும், போட்டி முடிந்து ஒரு மாதத்தின் பின்னர் திருத்திய பிரதிகளை மக்கள்முன் வைத்து அவர்கள் விளையாடுவதை அவதானிக்கும் அமர்வுகள் நடத்தப்படலாம். நாடகக்காரர் ஒத்திகைக்குப் பின் அவையோரின் கருத்தைக் கேட்டுப் பிரதியைத் திருத்தியதன் தொடர்ச்சியே அது. கணினித்துறை மாணவரும், தமிழ்த்துறை மாணவரும், சிங்களத்துறை மாணவரும் ஒரே மேசையில் அமரவேண்டிய வேலையும் அதுவே.

போட்டியின் கடிகாரம் நின்றபின் விளையாட்டில் எஞ்சுவது முடிக்கப்படாத ஒரு வாக்கியம். அதனை எந்த மொழியில், எத்தகைய கருவியில் விளையாடுவோருக்காக முடிக்கின்றோம் என்பதைக் கொண்டே அப்படைப்பையும், அதனை ஆக்கிய நம்மையும் பின்வருவோர் மதிப்பிடுவர்.